நாள்பட்ட நோயாளிகளுக்குத் துணை நிற்கும் தாய்ச்சி

கோலாலம்பூர் ஏரிப் பூங்காவில் காலை நேரத்தில் பெரியவர்கள் வரிசையாக நின்று மெல்லக் கையசைத்துப் பயிற்சி செய்வதைப் பலரும் பார்த்திருப்போம். அதுதான் தாய்ச்சி. ஆனால் தாய்ச்சி என்றதுமே, "அது சீனர்களுடைய பயிற்சி" என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர்கள் அப்படி ஒதுங்குவது அவர்களுக்கே நட்டம்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். நீரிழிவோடு முழங்கால் வலி, இரத்த அழுத்தம், கால் மரத்துப்போதல் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது நடைப்பயிற்சியே பலருக்குச் சுமையாகிவிடுகிறது. வேகமும் குதித்தலும் இல்லாத தாய்ச்சி இவர்களுக்கும் ஏற்றது.

அதன் ஓர் அடியைக் கூர்ந்து பார்ப்போம். முழங்கால்கள் இலேசாக மடங்கியிருக்கின்றன. உடல் எடை முழுவதும் வலக்காலுக்கு வந்து சேர்ந்த பிறகே இடக்கால் தரையை விட்டு எழுகிறது. முன்னே வைக்கும்போது முதலில் குதிகால் தொடுகிறது, பிறகு பாதம் முழுதும் பதிகிறது, அதற்குப் பிறகே எடை அந்தக் காலுக்கு மாறுகிறது. வயதானவர்கள் பலர் தடுமாறி விழுவது இப்படி எடை காலுக்குக் கால் மாறும் கணத்தில்தான். அந்தக் கணத்தை நிதானமாக, திரும்பத் திரும்பப் பழகுவதால் தொடைத் தசை வலுப்பெறுகிறது, சமநிலை கூடுகிறது.

இதை மருத்துவ ஆய்வுகளும் சோதித்திருக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, வாரம் இருமுறை ஒரு மணி நேரம் வீதம் 24 வாரங்கள் பயிற்சி அளித்தார்கள். 2012இல் வெளியான முடிவுகளின்படி, எடைப் பயிற்சி செய்தவர்களையும் தசைநீட்சிப் பயிற்சி செய்தவர்களையும் விட தாய்ச்சி குழுவினரின் சமநிலை மேம்பட்டிருந்தது. தசைநீட்சிக் குழுவைவிட அவர்கள் கீழே விழுந்ததும் குறைவு. 2016இல் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி இயன்முறை சிகிச்சைக்கு இணையான பலனைத் தந்தது.

எல்லாவற்றிலும் ஒரே பலன் கிடைத்துவிடவில்லை. இதயச் செயலிழப்பு நோயாளிகள் 100 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியானது. அதில் அவர்களால் நடக்க முடிந்த தூரம் குறிப்பிடும்படி கூடவில்லை, ஆனால் வாழ்க்கைத் தரமும் மனநிலையும் மேம்பட்டிருந்தன. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாய்ச்சிக்கு நெருங்கிய உறவான சீகோங் பயிற்சியை மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் 8 வாரங்கள் சோதித்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்விலும் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, களைப்பில் பெரிய மாற்றம் இல்லை. இவை நேர்மையான முடிவுகள். நோயோடு வாழ்வதைத் தாய்ச்சி எளிதாக்கும், நோயை விரட்டிவிடாது. ஆகவே இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்திவிட்டு இதை நம்பக் கூடாது.

தொடங்குகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டும் அளவுக்கு மடக்க வேண்டாம். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு புல்தரையில் இறங்காமல், தட்டையான அடிப்பகுதி உள்ள காலணி அணிய வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் வராமல், கையில் கொஞ்சம் இனிப்பும் வைத்துக்கொள்வது நல்லது. நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தே செய்யும் முறையும் உண்டு.

அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக் போகும்போது, தாய்ச்சி செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், வீட்டுக்கு அருகில் பயிற்சி நடக்கும் பூங்காவுக்குப் போய் ஆசிரியரிடம் உங்கள் நோயைச் சொல்லி, பின்வரிசையில் நின்று தொடங்குங்கள். பன்னிரண்டு வாரமாவது விடாமல் செய்யுங்கள்.