நான்கு குரல்கள் வீடு சேரும் வழி

ஒரே மெட்டு ஒரே ராகத்தின் வழியே சஞ்சரிப்பதைக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு, ஐரோப்பிய சங்கீதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு ஸ்வரங்களைப் பாடுவது முதலில் வெறும் முழக்கமாகவே தோன்றக்கூடும்; ஆனால் அந்நான்கில் ஏதேனும் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனோமானால், அதுவும் தனக்கென ஒரு நடையும் நியாயமும் உடைய பாட்டாக இருப்பதைக் கண்டு வியப்போம். ஹார்மனி என்பது ஸ்வரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வித்தை என்று பலரும் எண்ணுகிறார்கள். பல குரல்கள் தத்தம் வழியே நடந்து, நிற்க வேண்டிய இடத்தில் ஒருங்கே வந்து நிற்கும் கலை என்றே நான் அதைச் சொல்வேன்.

அவ்வாறு வந்து நிற்பதற்குக் கேடன்ஸ் என்று பெயர். வசனத்தில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் செய்கிற காரியத்தை இசையில் அது செய்கிறது. வீட்டில் ஹார்மோனியம் இருந்தால், சங்கராபரண ஸ்வரங்களில் ப, நி, ரி, ம என்னும் நான்கையும் ஒருசேர அழுத்திச் சற்று நேரம் கேட்டுப் பாருங்கள். நிஷாதம் தனக்கு அரை ஸ்வரம் மேலே இருக்கும் சட்ஜத்துக்கு ஏறத் தவிக்கும். மத்யமம் அரை ஸ்வரம் கீழே இருக்கும் காந்தாரத்துக்கு இறங்கத் தவிக்கும். இவ்விரண்டும் தாம் விரும்பிய இடத்தை அடையும் அதே கணத்தில், பேஸ் எனப்படும் அடிக்குரல் பஞ்சமத்தை விட்டுச் சட்ஜத்தில் வந்து அமருமானால், வாக்கியம் முற்றுப்பெற்றது என்று எவரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடும். பஞ்சமத்தின்மேலேயே நின்றுவிட்டால் அது அரை நிறுத்தம். சட்ஜத்தை எதிர்பார்த்திருக்கையில் பேஸ் தைவதத்துக்குச் சென்றுவிட்டால், வாசல்வரை வந்தவர் அடுத்த வீட்டில் நுழைந்தாற்போல இருக்கும்.

இக்கலையை இலக்கண நூல்களில் கற்பதைக் காட்டிலும் யோஹான் செபாஸ்டியன் பாக்கிடம் கற்பது மேல். 1723 முதல் 1750-இல் காலமாகும் வரை லைப்சிக் நகரின் தோமா ஆலயத்தில் இசைப் பொறுப்பு வகித்த அவர், லூத்தரன் சபையார் பாடிவந்த கோரல் என்னும் கீதங்களுக்கு நான்கு குரல்களில் எழுதிய அமைப்புகள், அவருடைய மறைவுக்குப் பின் 1784-க்கும் 1787-க்கும் இடையே 371 கீதங்கள் கொண்ட தொகுப்பாக வெளிவந்தன. மாணவர்களுக்கு முதலில் பேஸைத் தாமே எழுதிக் கொடுத்து, நடுக்குரல்களான ஆல்ட்டோவையும் டெனரையும் மட்டும் அவர்களை எழுதச் சொல்வாராம்; பேஸை அமைக்கும் உரிமை பிறகுதான். இரு குரல்கள் ஐந்து ஸ்வர இடைவெளியில் ஒன்றையொன்று பிடித்தபடியே நகரலாகாது என்பது அக்காலத்து விதி; நகர்ந்தால் ஒன்று மற்றொன்றின் நிழலாகிவிடும். ஆனால் விதியின் உட்பொருளை அறிந்தவருக்கே உரிய சுதந்திரமும் அவரிடம் உண்டு: நிஷாதம் நடுக்குரலில் வரும்போது, சில சமயம் அதைச் சட்ஜத்துக்கு ஏற்றாமல் பஞ்சமத்துக்கு இறக்கி, ஒலியை நிறைவாக்கிவிடுவார்.

1727-இல் எழுந்த அவருடைய 'மத்தேயுவின் பாடுகள்' என்னும் பெரும் படைப்பில், ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் ஒரு காதற்பாட்டுக்காக இயற்றிய மெட்டு, பக்திக் கீதமாகி ஐந்து முறை வருகிறது. முதல் இரண்டும் ஒரே அமைப்பு. சுருதி மட்டும் அரை ஸ்வரம் இறங்குகிறது. அங்கே மெட்டு காந்தாரத்தில் முடிய, பேஸ் அதன் கீழே சட்ஜத்தில் அமர்ந்து, வீடு சேர்ந்த ஆறுதலைத் தருகிறது. இயேசு உயிர்துறந்ததும் வருகிற ஐந்தாம் முறையிலும் மெட்டு அதே காந்தாரத்தில்தான் முடிகிறது. பேஸோ சட்ஜத்துக்குப் போகாமல், அந்தக் காந்தாரத்தையே தானும் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. துக்கத்தின் எல்லையில் ஆறுதல் சொல்லாமல் உடன் நிற்கிற அந்த முடிவைப் போல் என் மனத்தை உருக்கியது வேறொன்று இல்லை.

ஒலிப்பதிவு கிடைத்தால் முதலாவதையும் ஐந்தாவதையும் அடுத்தடுத்து வைத்து, மெட்டை மறந்து, பேஸை மட்டும் தொடர்ந்து கேளுங்கள்.