ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு மருத்துவக் கை

அமெரிக்க விளையாட்டு அணிகளில் ‘அத்லெடிக் டிரெய்னர்’ என்பவர் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் அல்லர். மருத்துவரின் வழிகாட்டுதலில் காயத்தைத் தடுப்பதும், அடிபட்டவரைத் தேற்றிக் களத்துக்குத் திருப்புவதும் அவர் வேலை. இவர்களுக்கான தேசியச் சங்கம் 1950-இல் உருவானது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்தப் பணியை ஒரு சுகாதாரத் தொழிலாக ஏற்றது.

இவர்களின் பொறுமை முழங்கால் தசைநார் கிழிந்தவர்களிடம்தான் நன்றாகத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பின் முதலில் வீக்கம் வடிய வேண்டும், முழங்கால் முழுதாக நீள வேண்டும். பிறகுதான் தொடைத் தசைக்கு வலுவூட்டல், ஒற்றைக் காலில் நிற்றல், மெல்லோட்டம், தாவல், சட்டெனத் திரும்புதல். வலி போய்விட்டதே என்று வீரர் அவசரப்படுவார். ஆனால் வலி நிற்பது வேறு, தசைநார் தேறுவது வேறு. ஒன்பது மாதத்துக்கு முன்பே ஆட வருபவர்களுக்கு மறுபடி காயம்படும் ஆபத்து அதிகம். அதனால் நாள்கணக்கோடு, இரு கால்களின் வலுவையும் ஒப்பிட்டுப் பார்த்தே அனுமதி தருகிறார்கள்.

வெயிலில் பயிற்சி செய்து வெப்ப அதிர்ச்சியில் விழுந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்பே பனிநீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர்விப்பதும் இவர்களே. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்ததாகச் சந்தேகம் எழுந்தால், அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

2023 ஜனவரி 2-ஆம் தேதி சின்சினாட்டியில், மார்பில் அடிபட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லினின் இதயம் ஆட்டத்தின் நடுவே நின்றது. பஃபலோ பில்ஸ் அணியின் உதவி டிரெய்னர் டென்னி கெல்லிங்டன் மைதானத்திலேயே நெஞ்சழுத்தம் கொடுத்தார். அதே ஆண்டு ஹாம்லின் மீண்டும் ஆடினார்.