கழகம் ஒருவர் கையில், மைதானம் இன்னொருவர் கையில்

இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்தில் உதைபந்தாட்ட ரசிகர்கள் இருவர் சந்தித்துக் கொண்டால், கோல் எத்தனை என்று பேசுவதை விட வாடகை எவ்வளவு என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. கழகம் யாருக்குச் சொந்தம், மைதானம் யாருக்குச் சொந்தம், இரண்டையும் யார் யாருக்கு விற்றார்கள், விற்றது சரியா பிழையா என்ற விவாதம் அங்கே ஏறக்குறைய இருபது வருடங்கள் ஓயவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் வர வேண்டிய விடயத்தை வர்த்தகப் பக்கத்துக்கு ஏன் கொண்டு வருகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். வியாபாரம் தன்னுடையது, கட்டடம் அடுத்தவருடையது என்ற நிலையில் காலத்தை ஓட்டும் எவருக்கும் இந்தக் கதையில் தெரிந்த முகங்கள் பல தென்படும் என்பதே காரணம்.

கொவென்ட்ரி சிட்டி கழகம் 1883ஆம் ஆண்டு சிங்கர் சைக்கிள் தொழிற்சாலை ஊழியர்களால் ஆரம்பிக்கப்பட்டது. (நமது வீடுகளில் தையல் இயந்திரமாக இருக்கும் சிங்கர் வேறு, இது வேறு.) 1899 முதல் ஹைபீல்ட் றோட் என்ற சொந்த மைதானத்தில் விளையாடியது. 1967 முதல் 2001 வரை 34 வருடங்கள் நாட்டின் உயர் பிரிவில் தொடர்ந்து நின்றது. 1987இல் டொட்டன்ஹாம் அணியை 3-2 என்று வென்று எப்.ஏ. கிண்ணத்தையும் கொண்டு வந்தது. பெரிய பணக்காரக் கழகம் அல்ல, ஆனால் கெட்டிக்காரக் கழகம். 1999இல் ரொபி கீன் என்ற இளம் வீரரை 6 மில்லியன் பவுணுக்கு வாங்கி, அடுத்த வருடமே 13 மில்லியனுக்கு இத்தாலியின் இன்டர் மிலான் கழகத்துக்கு விற்றார்கள். அந்த இலாபத்தைக் கணக்கில் எழுதி மை காய்வதற்குள், 2001இல் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. தொலைக்காட்சிப் பணம் குறைந்தது. வீரர்களின் சம்பளமும் கடனும் அப்படியே நின்றன.

இதற்கு முன்னரே கழகம் ஒரு பெரிய திட்டத்தில் காலை வைத்திருந்தது. பழைய மைதானத்தின் காணியை வீடு கட்டும் கம்பனிக்கு விற்றுவிட்டு, நகரின் வடக்கே பழைய எரிவாயுத் தொழிற்சாலை இருந்த இடத்தில் முப்பத்திரண்டாயிரம் பேர் அமரக்கூடிய புதிய மைதானத்துக்குப் போவது என்பதே அது. மைதானம் மட்டுமல்ல, கண்காட்சி மண்டபம், ஹோட்டல், கசினோ எல்லாம் அதே கட்டடத்தில். பக்கத்திலேயே டெஸ்கோ சுப்பர் மார்க்கட். மைதானத்தை நடத்தும் கம்பனியில் மாநகரசபைக்குப் பாதி, கழகத்துக்குப் பாதி என்பது ஏற்பாடு. கழகத்துக்குப் பணமுடை முற்றியபோது தனது பாதியை அலன் எட்வர்ட் ஹிக்ஸ் என்ற பெயரிலான தர்ம ஸ்தாபனத்துக்கு 6.5 மில்லியன் பவுணுக்குக் கொடுத்துவிட்டது. பிற்காலத்தில் திருப்பி வாங்கிக் கொள்ளும் வாய்ப்பும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அவசரத்துக்கு நகையை அடகு வைப்பவர்கள் எல்லோரும் மீட்கும் எண்ணத்தோடுதான் வைக்கிறார்கள்.

வாசலில் கூட்டம், கல்லாவில் காசில்லை

2005இல் கழகம் புதிய இடத்துக்குக் குடிபோனது. ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் பணம் கொடுத்துப் பெயரை வாங்கியதால் அது ரிக்கோ அரீனா என அழைக்கப்பட்டது. வருட வாடகை சுமார் 1.3 மில்லியன் பவுண். உயர் பிரிவில் இருக்கும் கழகத்துக்கு அது சிறிய தொகை. கொவென்ட்ரியோ இரண்டாம் பிரிவில் தடுமாறிக் கொண்டிருந்தது. வாடகையை விடப் பெரிய வலி வேறொன்று. போட்டி நாளில் விற்கும் உணவு, குடிபானம், வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றின் வருமானம் மைதானக் கம்பனிக்கே போனது. இருபதாயிரம் பேரைக் கூட்டி வருவது கழகம். அந்த இருபதாயிரம் பேரும் தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கும் காசு அடுத்தவர் கல்லாவில். 2012இல் அணி மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியபோது இது இன்னும் இறுகியது. அந்தப் பிரிவில் கழகத்தின் வருமானத்தில் குறித்த வீதத்துக்கு மேல் வீரர் சம்பளத்துக்குச் செலவிட முடியாது என்ற விதி உண்டு. வருமானம் கணக்கில் வராவிட்டால் நல்ல வீரர்களை வாங்கவும் வழியில்லை.

இதற்கிடையே கழகத்தின் உரிமை கைமாறியிருந்தது. 2007 டிசம்பரில், நீதிமன்ற நிர்வாகியின் கையில் கழகம் விழுவதற்குச் சற்று நேரமே இருந்த நிலையில், லண்டனின் சிஸு என்ற முதலீட்டு நிதியம் அதை வாங்கியது. ஆரம்பத்தில் ரசிகர்கள் கைதட்டினார்கள். மூழ்கும் கப்பலுக்குக் கயிறு வீசியவரை யார்தான் விசாரிப்பார்கள்? மைதானத்தின் பாதியைத் திருப்பி வாங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. அது நடக்கவில்லை. 2012 வசந்த காலத்தில் சிஸு வாடகை கொடுப்பதை நிறுத்தியது. மைதானக் கம்பனி நான்கு இலட்சம் பவுண் வரை வாடகையைக் குறைக்க முன்வந்தும் உடன்பாடு வரவில்லை. அந்தக் கம்பனியின் வங்கிக் கடனை மாநகரசபை தன் தலையில் எடுத்துக்கொண்டு, 2013 ஜனவரியில் 14.4 மில்லியன் பவுணைக் கடனாகக் கொடுத்தது. மக்கள் வரிப்பணத்தில் சட்டவிரோத உதவி என்று சிஸு வழக்குப் போட்டது. 2014இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் வாடகை அநியாயம், கழகத்துக்கு ஒரு சதமும் மிஞ்சாத ஏற்பாட்டை மாநகரசபை மாற்றியிருக்க வேண்டும் என்றார்கள். மற்றச் சாரார், ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுத்தானே கழகத்தை வாங்கினார்கள், வாடகையை நிறுத்தி மைதானக் கம்பனியை நெரித்து அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதே எமது கருத்து. வாடகை கூடுதல் என்பது உண்மை. கூடுதல் என்று தெரிந்துகொண்டே வாங்கினார்கள் என்பதும் உண்மை.

குன்றின் மேல் நின்ற வாடிக்கையாளர்கள்

2013இல் கழகம் நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போய், இரண்டு தடவைகளில் மொத்தம் 20 புள்ளிகளை இழந்தது. சிஸுவோடு தொடர்புடைய இன்னொரு கம்பனியே கழகத்தைத் திரும்ப வாங்கியது. பிறகு யாரும் எதிர்பாராத முடிவொன்றை எடுத்தார்கள். ரிக்கோ அரீனாவை விட்டுவிட்டு, 35 மைல் தொலைவிலுள்ள நோர்தாம்ப்டன் நகரின் சிறிய மைதானத்தில் ‘சொந்த மைதான’ப் போட்டிகளை நடத்துவது என்பதே அந்த முடிவு. வாடிக்கையாளர் நம்மோடு வருவார், கடை எங்கே இருந்தால் என்ன என்பது அவர்களது கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்தது. முந்திய பருவத்தில் போட்டிக்குச் சராசரி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நோர்தாம்ப்டனில் அது 2,300 அளவுக்கு விழுந்தது. ‘இனி ஒரு பென்னியும் இல்லை’ என்று ரசிகர்களில் பெரும் பகுதியினர் நுழைவுச்சீட்டு வாங்க மறுத்தார்கள். ஆனால் அணியையும் விட்டுவிட மனமில்லை. மைதானத்துக்கு வெளியே ஒரு குன்று இருக்கிறது. பனியிலும் மழையிலும் பலர் அதன் மேல் ஏறி நின்று, தெரிந்த அளவு ஆட்டத்தைப் பார்த்தார்கள். கழகத்தின் பழைய முகாமையாளர் ஜிம்மி ஹில்லின் பெயரை அந்தக் குன்றுக்குச் சூட்டினார்கள். உள்ளே போனவர்கள் துரோகிகளா, வெளியே நின்றவர்கள் வீரர்களைக் கைவிட்டவர்களா என்று குடும்பங்களுக்குள்ளேயே வாக்குவாதம். பொருளைப் பகிஷ்கரிப்பது எளிது, இன்னொரு கடைக்குப் போய்விடலாம். கொவென்ட்ரிக்காரருக்கு இன்னொரு கழகம் இல்லை.

2014 செப்டெம்பர் 5ஆம் திகதி கழகம் ரிக்கோ அரீனாவுக்குத் திரும்பியபோது 27,306 பேர் வந்தார்கள். அந்த மகிழ்ச்சி சில வாரங்களே நீடித்தது. மாநகரசபையும் ஹிக்ஸ் தர்ம ஸ்தாபனமும் மைதானக் கம்பனியின் பங்குகளை வொஸ்ப்ஸ் என்ற ரக்பி கழகத்துக்கு விற்றன. இரண்டு பாதிக்கும் சேர்த்துச் சுமார் 5.5 மில்லியன் பவுண். அத்தோடு குத்தகைக் காலம் 250 வருடங்களாக நீட்டப்பட்டது. மாநகரசபையிடமிருந்த 14.4 மில்லியன் கடனும் புதியவர் பொறுப்பில் வந்ததால் விலையைத் தனியே பார்த்துக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆயினும் கொவென்ட்ரி ரசிகர்களின் கோபம் விலையில் இல்லை. லண்டனில் பிறந்து, ஹை விக்கம் என்ற ஊரில் வாடகைக்கு இருந்த ரக்பி கழகம் இந்த ஊரின் மைதானத்துக்கு உரிமையாளர். இந்த ஊரின் கழகம் அதற்குக் குடியிருப்பாளர். சிஸுவை வெறுத்தவர்களும் மாநகரசபையை மன்னிக்கத் தயாராக இருக்கவில்லை. மறுபுறம், வாடகை தராமல் வழக்குப் போட்டவருக்கு எந்தச் சபை கட்டடத்தை விற்கும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

வழக்குகள் நிற்கவில்லை. சட்ட நடவடிக்கையைக் கைவிடாவிட்டால் புதிய வாடகை ஒப்பந்தம் இல்லை என்று வொஸ்ப்ஸ் சொல்ல, 2019இல் கழகம் மீண்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பேர்மிங்ஹாம் நகருக்குப் போனது. இரண்டு பருவங்கள் அங்கே. விசித்திரம் என்னவென்றால், வீடற்ற அந்தக் காலத்திலேயே, 2020இல், அணி மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறியது. முகாமையாளர் மார்க் ரொபின்ஸின் திறமைதான் அது. உரிமையாளர்களின் திட்டம் என்று சொல்வதற்கு நமக்கு மனம் வரவில்லை.

கட்டடம் கிடைத்தவரின் கதி

கட்டடத்தைக் கையில் வைத்திருந்தவர் மட்டும் சுகமாக இருந்தாரா? வொஸ்ப்ஸ் 2015இல் பொதுமக்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் 6.5 வீத வட்டியில் கடன் பத்திரம் விற்று 35 மில்லியன் பவுண் திரட்டியது. ஏழு வருடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடம்பெயர்ந்ததால் பழைய ரசிகர்களில் ஒரு பகுதி வழியில் விடுபட்டது, கொவென்ட்ரியில் புதிய ரசிகர்களைச் சேர்ப்பதும் எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை. இடையில் கொரோனா வந்து மைதானத்தையும் மண்டபத்தையும் மூடியது. 2022 மே மாதம் கடனைத் திருப்பும் தவணை வந்தபோது கையில் காசில்லை. அதே வருடம் ஒக்டோபரில் 155 வருடப் பழைமையான அந்தக் கழகம் நிர்வாகியின் கையில் விழுந்தது. 167 பேர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள்.

அதற்குச் சில வாரங்கள் முன்னர் நடந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். பொதுநலவாய விளையாட்டு விழாவின் எழுவர் ரக்பி போட்டிகள் அந்தப் புல்லில் நடத்தப்பட்டன. மூன்று நாட்களில் 65 ஆட்டங்கள். தரை பாழாகி, கொவென்ட்ரி சிட்டி தனது பருவத்தின் முதல் போட்டிகளைத் தள்ளிப்போட நேர்ந்தது. குடியிருப்பவர் நிலை அதுதான். வீட்டுக்காரர் கூடத்தைக் கல்யாணத்துக்குக் கொடுத்தால் நாம் வெளியே போய் நிற்க வேண்டும்.

2022 நவம்பரில் மைதானம் விற்பனைக்கு வந்தபோது, விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் பெயர்பெற்ற மைக் ஆஷ்லியின் பிரேசர்ஸ் குழுமம் 17 மில்லியன் பவுணுக்கு வாங்கிக்கொண்டது. கொவென்ட்ரி கழகத்தை அப்போது வாங்க வந்திருந்த டக் கிங் என்ற வர்த்தகர் அதைவிடக் கூடிய விலை சொன்னதாகவும், அது பிந்திவிட்டதாகவும் செய்திகள் வெளியாகின. ஆஷ்லி வாங்கிய கையோடு, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடு அல்லது வெளியேறு என்று கழகத்துக்கு அறிவித்தல் கொடுத்தார். வேறு வழியில்லை, ஒப்பந்தம் எழுதப்பட்டது. கிங் 2023 ஜனவரியில் சிஸுவிடமிருந்து கழகத்தை முழுமையாக வாங்கினார். 2025 ஓகஸ்டில் மைதானத்தையும் பிரேசர்ஸ் குழுமத்திடமிருந்து வாங்கினார். ஹைபீல்ட் றோட்டிலிருந்து வெளியேறி இருபது வருடங்களுக்குப் பின்னர் அணியும் மைதானமும் ஒரே கைக்கு வந்தன.

ரசிகர்களுக்குப் பேச விடயம் தீர்ந்துவிடவில்லை. ஒரு மனிதர் இரண்டையும் வாங்க முடியுமென்றால் இரண்டையும் வேறு வேறாக விற்கவும் முடியுமே. இதில் சட்டம் ஓரளவு குறுக்கே வந்திருக்கிறது. 2025 ஜூலையில் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டத்தின்படி, கழகமொன்று தனது மைதானத்தை விற்கவோ கடனுக்கு ஈடாக வைக்கவோ விரும்பினால், புதிதாக அமைக்கப்பட்ட சுயாதீன ஒழுங்குபடுத்துநரின் அனுமதியை முதலில் பெற வேண்டும். கொவென்ட்ரியின் பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. ஆடுகளத்தின் நடுப்பகுதியில் ஒரு துண்டுப் புல்வெளியை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.