குழந்தைப் பசியும் வைத்தியசாலையும்

பசி எல்லா உயிர்க்கும் பொதுவாயினும், அதனை எடுத்துரைக்கும் வன்மை எல்லார்க்கும் பொதுவன்று. முதியோன் தன் பசியைச் சொல்லுவான். பள்ளிச் சிறுவன் தட்டேந்தி நிற்பான். ஓராண்டு நிரம்பாத மகவோ அழுதலன்றி வேறு மொழி அறியாது. நெடுநாட் பசித்த மகவு அழுதலையும் விட்டுவிடும். அங்ஙனம் அழாத குழந்தையை, ‘நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை’ என்று நாம் பாராட்டுகின்றோம். அப்பாராட்டுக்குள் ஒரு நோய் மறைந்திருத்தல் கூடும் என்பதையும், அதனைக் கண்டு தீர்த்தற்குக் குழந்தை வைத்தியசாலை சாலவும் தக்க இடம் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

சங்கரன்கோவிலைச் சூழ்ந்த நாடு பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல் நிலம். ஊருக்குள் தறியொலியும் அயற் சிற்றூர்களில் தீப்பெட்டி, பீடி வேலைகளும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. இத்தொழில்களில் ஒரு வாரத்துக் கூலி மறு வாரத்துக்கு உறுதியன்று. ஆயினும் 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைத்தலால், அடுப்பு அணைந்து கிடக்கும் வீடுகள் குறைந்தன. அங்ஙனமாயின் பசி எங்கே என்று சிலர் வினவுவர். பானையிற் சோறு உண்டு. பருப்பு மாத நடுவிலே தீர்ந்து விடுகின்றது. முட்டையும் பாலும் கூலியைப் பார்த்து வருகின்றன. தாய்க்குக் குழந்தையை மடியிலிருத்திப் பன்முறை ஊட்டும் ஓய்வும் இல்லை. வயிறு நிறைந்தும் உடல் நிறையாத இப்பசியே நாம் ஈண்டுக் கூறுவது.

பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தமிழ்நாடு நெடுங்காலமாகக் கருத்தில் வைத்துள்ளது. காமராசர் ஆட்சியில் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய பகலுணவும், எம். ஜி. ஆர். ஆட்சியில் 1982-இல் எழுந்த சத்துணவும், 2022-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவும் யாவரும் அறிந்தவை. இவையெல்லாம் நடந்து வந்து பந்தியில் அமரும் பிள்ளைக்கு உரியன. தவழும் குழந்தை பந்திக்கு வாராது. அதற்கென அங்கன்வாடி சத்துமாவு அளிக்கின்றது. அம்மாவு வீட்டை அடைந்தபின் அண்ணனுக்கும் அக்காளுக்கும் பங்காகிப் போதலும் உண்டு. ஆனால் அக்குழந்தை தவறாது வரும் இடம் ஒன்று உளது. பிறந்தபோதும், ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும், பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்திற்குள்ளும் தடுப்பூசிக்காகத் தாய் அதனை ஏந்தி வருகின்றாள். இடையே சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் வருகின்றாள். ஆகவே இரண்டு வயதிற்குட்பட்ட பசியைக் காணும் வாயில் வைத்தியரின் அறையே என்க.

இவ்வயதிற்கு இத்துணைச் சிறப்பு என்னை? மூளையும் உடலும் விரைந்து வளரும் காலம் இதுவே. இக்காலத்து நேர்ந்த உயரக் குறைவைப் பின்னர் முற்றும் ஈடுசெய்தல் அரிது. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்டாருள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர், 14.6 பேர் உயரத்திற்கேற்ற எடையில்லாதவர். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளுள் 57.4 பேர் இரத்தசோகையுற்றவர். பந்தி வைப்பதிற் பெயர் பெற்ற நாட்டிலேயே நால்வரில் ஒருவர் குறுகி நிற்கின்றனர்.

காரணங்களுள் ஒன்றை மாத்திரம் விரித்துக் கூறுவோம். ஆறு மாதம் நிரம்பியபின் தாய்ப்பால் மட்டும் போதாது. குழந்தையின் இரைப்பையோ சிறிது. மாவை நீரிலிட்டுக் காய்ச்சினால் அது நீரை உண்டு கொழகொழப்பாகப் பெருகும். குழந்தை விழுங்க மாட்டாது. தாய் மேலும் நீர் வார்த்து இளக்குவாள். கிண்ணம் நிறையும்; வயிறும் நிறையும்; உட்சென்றதோ பெரும்பாலும் தண்ணீர். இதற்கு மாற்றம் எளிது. கேழ்வரகையோ கம்பையோ முளைகட்டி உலர்த்தி வறுக்காது அரைத்த மாவு சிறிது சேர்ப்பின், முளையில் உண்டாகும் ஒருவகைச் செரிமானப் பொருள் கஞ்சியைத் தானே இளக்கும். ஆதலின் அதே கிண்ணத்தில் மிகுந்த மாவை அடக்கலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயும், மசித்த பருப்பும், இயன்ற நாளில் முட்டையும் சேர்தல் வேண்டும். ஒருமுறை நிறைய ஊட்டுதலினும், நாளொன்றுக்குப் பன்முறை சிறுகச் சிறுக ஊட்டுதல் நன்று.

இனி, வைத்தியசாலையில் இப்பசியை அறியும் முறை யாதெனின், முதலாவது அளத்தல். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை நலமுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு மிகுதியும் மாறாதிருப்பது இயற்கை. ஆதலால் மூவண்ண நாடா ஒன்றே போதும். 12.5 சென்டிமீட்டருக்கு மேற்படின் பச்சை, அதற்குக் கீழ் மஞ்சள், 11.5-க்குக் குறையின் சிவப்பு, அஃதாவது பேரிடர். இரு பாதங்களிலும் வீக்கம் உண்டாயின் நாடாவை நோக்காமலே அவ்விடரை உணரலாம். அதனினும் நுண்ணியது எடையைத் தொடர்ந்து குறித்தல். ஒருநாளைய எடை குழந்தை இருக்கும் இடத்தைக் காட்டும். பல மாதத்து எடைக்கோடு அது செல்லும் திசையைக் காட்டும். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே, உலக வங்கியின் உதவியோடு 1980-இல் மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. ஆறு முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்க்கு மாத்திரம் சில மாதங்கள் துணையுணவு ஈந்து, ஏறியபின் நிறுத்தினர். உணவு மருந்துபோல் அளவோடும் காலவரையோடும் தரப்பட்டது. அதனூடே தாயும் ஊட்டும் முறையைக் கற்றாள்.

இரண்டாவது கேட்டல். இதுவே கடினமானது. ‘வீட்டில் உணவு குறைவா?’ என வைத்தியர் வெளிப்படக் கேட்பின், எந்தத் தாயும் ‘இல்லை, ஐயா’ என்றே விடையிறுப்பாள். பிள்ளைக்குச் சோறில்லை என்று பிறர் முன் ஒப்புதல் நம் நாட்டில் மானத்தோடு கலந்த செய்தி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல், குழந்தையைக் காணும் ஒவ்வொரு வைத்தியரும் இரு சிறு வினாக்களைக் கேட்டல் வேண்டும் என்று அறிவுறுத்திற்று. கடந்த ஓராண்டில் கையிற் காசு வருமுன் உணவு தீர்ந்துவிடுமோ எனக் கவலையுற்றதுண்டா என்பது ஒன்று. வாங்கிய உணவு போதாமல் தீர்ந்து, மேலும் வாங்கப் பணமின்றி நின்றதுண்டா என்பது மற்றொன்று. இவ்வினாக்கள் தாயைக் குற்றஞ் சாட்டாமல் காலத்தைக் குற்றஞ் சாட்டுகின்றன; ஆதலின் விடை வருகின்றது. நம் ஊரில், ‘தறி நின்ற வாரத்தில் பிள்ளைக்கு என்ன கொடுத்தாய், அம்மா?’ என்று எல்லாரிடமும் ஒருபடியாகக் கேட்கலாம். எல்லாரிடமும் கேட்கப்படும் வினா எவரையும் நாணச் செய்யாது.

இவ்வாறு கேளாவிடின் நிகழ்வது என்ன? தாய், ‘பிள்ளை தேறவில்லை, ஏதாவது டானிக் எழுதித் தாருங்கள்’ என்பாள். எழுதித் தருதல் எளிது. ஆனால் அப்புட்டியின் விலையில் எத்தனை முட்டை வாங்கலாம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லுதலே அவளுக்கு வைத்தியர் செய்யும் பேருதவி.

மூன்றாவது ஊட்டிக் காட்டல். எட்டயபுரத்தையடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கண் வைத்தியர் கோ. வெங்கடசாமி அவர்கள், பின்னர் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர் என்பதை அறியாதார் இலர். அதற்கு முன், 1970-களின் தொடக்கத்தில், மதுரை அரசு மருத்துவமனையில் அவர் பணிபுரிந்தபோது, வைட்டமின் ஏ குறைவாற் கண்ணிழக்கும் குழந்தைகளைக் கண்டார். மருந்து ஈந்தால் கண் தெளியும். சில மாதங்களில் அம்மருந்தின் சேமிப்புத் தீர, பழைய உணவே பழைய நோயைக் கொணரும். ஆகவே ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த அறிவியலறிஞர் ஆன்டுவனெட் பிரி அம்மையாரின் துணையோடு அங்கே ஊட்டச்சத்து மறுவாழ்வு நிலையம் ஒன்று நடைபெற்றது. தாயும் சேயும் உடனுறைந்தனர். மலிவாய்க் கிடைக்கும் கீரையும் தானியமும் பருப்புமே அங்கு மருந்து. கண் வைத்தியர் ஒருவர் அடுக்களை வரை சென்றது அந்நோயின் வேர் அடுக்களையில் இருந்தமையால் அன்றோ?

இதனோடு ஒப்பிடத்தக்கது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1960-களில் நிகழ்ந்தது. ஆண்டு அங்கு மவுண்ட் பாயு என்னும் ஊரில் டாக்டர் ஜாக் கெய்கர் முதலானோர் நடத்திய மருத்துவ நிலையத்தில், வாடிய குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலே உணவை எழுதிக் கொடுத்தனர். மளிகைக் கடைக்காரர் பொருளைத் தந்து, மருந்துக் கணக்கிலிருந்து பணம் பெற்றார். மேலதிகாரிகள் தடை கூறியபோது, உணவின்மையால் வந்த நோய்க்கு உணவே மருந்து என்று கெய்கர் விடை பகர்ந்தார்.

இன்று நம் நாட்டில் அத்துணைப் போராட்டம் வேண்டுவதில்லை. வழிகள் ஓரளவு அமைந்துள்ளன. கடுங்குறைவோடு பிற நோயும் உடைய குழந்தையை ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்த்து, தாய்க்கு உணவும், இழந்த கூலிக்கு ஈடாகச் சிறு தொகையும் தருதல் விதி. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ என்னும் திட்டம் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆராய்ந்து வைத்தியத்துக்கு அனுப்ப வகை செய்தது. குறை யாதெனின், இவ்வழிகளுக்கும் தடுப்பூசி வரிசையில் நிற்கும் தாய்க்கும் இடையே ஒரு சொல் வேண்டும். அச்சொல்லைச் சொல்லுதற்கு நேரமில்லை என்பர் வைத்தியர். ஒரு காலைப்பொழுதில் அவர் காணும் கூட்டத்தை நோக்கின் அது பொய்யன்று. ஆயினும் நாடா வைத்து அளக்கச் செவிலியர்க்குக் கணநேரம் போதும். இரு வினாக்களுக்கு மேலும் ஒரு நிமிடம். சிவப்புக் கண்ட குழந்தைக்கு மட்டும் வைத்தியர் தம் நேரத்தை ஈந்தாற் போதும்.

நம் கல்லூரியிற் பயின்று வைத்தியராயினோர் பலர். ஆசிரியராயினோர் அவரினும் பலர். முன்னவர் தம் மேசையின் மேல் இதயவொலி கேட்கும் கருவியோடு ஒரு மூவண்ண நாடாவையும் வைப்பாராக. பின்னவர் தம் பள்ளியில் உண்ணும் பிள்ளையிடம், வீட்டிலுள்ள தம்பி என்ன உண்டான் என்று கேட்பாராக. மாணவர்களாகிய நாம், முளைகட்டிய மாவின் இயல்பை வேதியியற் கூடத்தோடு நிறுத்தாமல், அதனை நம் இல்லத்துப் பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் எடுத்துச் சொல்வோமாக. சொல்லத் தெரியாத பசிக்குச் சொல்லத் தெரிந்தோர் வாயாக நிற்றல் கற்றோர் கடன்.