உரம் இருந்தும் பட்டினி

ஒரு செடி தன் உடம்பை எதிலிருந்து கட்டிக்கொள்கிறது? மண்ணைத் தின்றுதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தார்கள். பிரஸ்ஸல்ஸ் பகுதியில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் இதைத் தொட்டியில் வைத்தே சோதித்துப் பார்த்தார். காயவைத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் நிரப்பினார். நம் கணக்கில் சுமார் 90 கிலோ. அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ தவிர வேறெதையும் ஊற்றவில்லை. தூசு விழாமலிருக்கத் துளையிட்ட தகட்டால் தொட்டியை மூடினார். 5 ஆண்டுகள் கழித்து மரத்தின் எடை 169 பவுண்டு. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தபோது குறைந்திருந்தது 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் மட்டுமே. அவர் இறந்த பிறகு, 1648-ல் இந்தச் சோதனை அச்சில் வந்தது.

மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று வான் ஹெல்மாண்ட் முடிவுகட்டினார். கரியை எரித்தால் வரும் வாயுவை முதலில் கவனித்தவர்களில் அவரும் ஒருவர். அதே வாயுதான் மரத்தின் உடம்பாகிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அந்த 57 கிராமை அவர் பொருட்படுத்தவும் இல்லை. அந்தக் காலத் தராசில் எடை முன்பின் இருந்திருக்கலாம். ஆனாலும் தொட்டியில் செடி வளர்ப்பவர்களின் சந்தோஷமும் துக்கமும் அந்தச் சின்னக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், இரும்பு என்று செடி மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் சத்துகள் அவ்வளவு கொஞ்சம். அந்தக் கொஞ்சம் கிடைக்காவிட்டால் மீதி எல்லாம் வீண்.

தரையில் நிற்கும் மரத்துக்கு ஒரு வசதி உண்டு. ஓரிடத்தில் சத்து தீர்ந்தால் வேர் அடுத்த இடத்துக்குப் போகும். தொட்டிச் செடிக்கு அந்த வழி கிடையாது. பத்து லிட்டர் மண்தான் அதன் உலகம். நாம் ஊற்றுவது, போடுவது, கழுவி வெளியேற்றுவது எல்லாம் அந்த உலகத்தை வாரா வாரம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

இந்தச் சிறு உலகத்தில் இயற்கை உரம் போடுகிறோம். கடலைப் புண்ணாக்கில் நைட்ரஜன் சுமார் 7 சதவீதம், வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 சதவீதம் இருக்கிறது. ஆனால் அந்த நைட்ரஜன் புரதத்துக்குள் கோக்கப்பட்டிருக்கிறது. வேரால் அதைப் பெரும்பாலும் அப்படியே உறிஞ்ச முடியாது. முதலில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் புரதத்தை உடைத்து அம்மோனியமாக மாற்ற வேண்டும். பிறகு வேறு இரண்டு வகை பாக்டீரியாக்கள் வரிசையாக வேலை செய்து அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் ஆக்குகின்றன. இந்த நைட்ரேட்தான் பெரும்பாலான காய்கறிச் செடிகளுக்கு முக்கிய உணவு. ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி 1890-ல் இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். சூரிய ஒளியும் வேண்டாமல், பிற உயிர்களின் உடலையும் தின்னாமல், வெறும் அம்மோனியத்தை எரித்தே பிழைக்கும் உயிர்கள் இருக்கின்றன என்பது அன்றைய உயிரியலுக்குப் பெரிய அதிர்ச்சி.

ஆகவே இயற்கை உரம் முதலில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்குத்தான் சாப்பாடு. அவை உண்டு மீந்தது செடிக்கு. இதை மறந்தால் இரண்டு விபத்துகள் நடக்கும். மக்காத தேங்காய் நார்க்கழிவில் நாற்றை நடுவது முதலாவது. அதில் நைட்ரஜனைப் போல் நூறு மடங்குக்கும் மேல் கார்பன் இருக்கிறது. அந்தக் கார்பனைத் தின்னக் கிளம்பும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்புக்கு வேண்டிய நைட்ரஜனைச் செடியின் பங்கிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். நாற்று வெளுத்து நின்றுவிடும். நன்றாக மக்கவைத்தால் அந்த விகிதம் இருபதுகளுக்கு இறங்கிவிடும், பிறகு பயமில்லை.

இரண்டாவது, பச்சைப் புண்ணாக்கைக் கைநிறைய அள்ளி இளஞ்செடியின் தண்டுப் பக்கத்தில் போடுவது. உடைந்து வரும் அம்மோனியத்தில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாக மாறும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை மண்ணின் அமில-கார அளவான பிஎச் தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7.25 என்றால் நூற்றில் ஒரு பங்கு, 8.25 என்றால் கிட்டத்தட்ட பத்து பங்கு. அம்மோனியா இளம் வேரைக் கருக்கிவிடும். ஒரே உரம், ஒரே அளவு. பக்கத்து வீட்டுத் தொட்டியில் உணவாகி, நம் தொட்டியில் விஷமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎச் என்ற அளவுகோல் பிறந்தது ஒரு மதுபான ஆலையின் ஆய்வகத்தில். கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன் சோரன்சன் 1909-ல் இதை வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பிஎச் 6 உள்ள மண்ணோடு ஒப்பிட்டால் 8 உள்ள மண்ணில் ஹைட்ரஜன் அயனி நூறில் ஒரு பங்குதான். காகிதத்தில் 2 என்ற சிறு வித்தியாசம், வேருக்கு வேறு கிரகம்.

இதை இரும்பில் தெளிவாகப் பார்க்கலாம். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 5 சதவீதம் இரும்பு. செம்மண்ணின் சிவப்பே அதனால்தான். எந்தத் தொட்டியிலும் செடிக்குப் போதுமான இரும்பு இருக்கும். ஆனால் பிஎச் ஒரு படி ஏறினால் நீரில் கரைந்து நிற்கும் ஃபெரிக் இரும்பு அயனி ஆயிரம் மடங்கு குறைகிறது. பிஎச் 8-ல் இரும்பு இருக்கிறது, ஆனால் சாவி தொலைந்த அலமாரிக்குள் இருக்கிறது. பாஸ்பரஸும் இதேபோல் காரத்தில் கால்சியத்தோடும், கடும் அமிலத்தில் இரும்பு, அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு கைவிரித்துவிடும். 6-க்கும் 7-க்கும் இடையில் பெரும்பாலான சத்துகள் ஒருசேரக் கிடைக்கின்றன. தோட்டக்கலைப் புத்தகங்கள் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செடி தன் குறையை இலையில் எழுதிக் காட்டும். நைட்ரஜன் செடிக்குள் இடம்பெயரும் சத்து. பற்றாக்குறை வந்தால் கிழட்டு இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பும். அதனால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அதனால் இரும்பு கிடைக்காதபோது புதிதாக வரும் தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். ரோஜாவிலும் செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். 1840-களில் பிரான்ஸில் யூசேப் கிரி என்பவர் வெளுத்த இலைமேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினார். தடவிய இடம் பச்சையானது. பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம்தான். ஆனால் இரும்பு இல்லாமல் பச்சையத்தைக் கட்டவே முடியாது.

செடி கைகட்டிக்கொண்டு நிற்பதும் இல்லை. தக்காளி, செம்பருத்தி போன்ற இருவித்திலைச் செடிகள் இரும்பு போதாதபோது வேரிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, தங்களைச் சுற்றியுள்ள மண்ணை அமிலமாக்குகின்றன. கரைந்து வரும் இரும்பை வேரின் மேற்பரப்பிலேயே எளிதில் உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாற்றி உள்ளே இழுக்கின்றன. புல் குடும்பம் வேறு வழி கண்டுபிடித்தது. இரும்பைக் கவ்விக்கொள்ளும் ஒரு பொருளை வேரிலிருந்து கசியவிட்டு, கவ்விய இரும்போடு அதைத் திரும்ப உறிஞ்சும். ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் அப்படிப்பட்ட பொருள் இருப்பதை ஜப்பானிய விஞ்ஞானி தகாகி 1976-ல் வெளியிட்டார்.

இவ்வளவு சாமர்த்தியமும் நம் மொட்டைமாடியில் தோற்றுப்போவது ஏன்? தண்ணீரால். சென்னை போன்ற ஊர்களில் பல வீடுகளின் போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் நிறைய. மண்தொட்டியின் வெளிப்பக்கம் பூத்து நிற்கும் வெள்ளை உப்பில் பெரும்பங்கு அவற்றிலிருந்து படிந்ததே. செடி வெளியே தள்ளும் ஹைட்ரஜன் அயனியைப் பைகார்பனேட் உடனுக்குடன் விழுங்கிவிடும். நாம் அன்போடு ஊற்றும் ஒவ்வொரு குவளையும் செடியின் முயற்சியை அழிக்கிறது. நீரின் பிஎச்சை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. பிஎச் 7.5 காட்டும் நீரிலும் பைகார்பனேட் மிகுந்திருக்கலாம், சில மாதங்களில் தொட்டி மண்ணை 8-க்கு அது ஏற்றிவிடும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீர் இன்னும் மோசம். குடிநீரிலிருந்து பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

நேரெதிர்க் காட்சியை ஊட்டியில் பார்க்கலாம். அங்கே ஹைட்ராஞ்சியா பூக்கள் நீலமாகச் சிரிக்கின்றன. மலையின் அமில மண்ணில் அலுமினியம் கரைந்து, வேர் வழியே பூவுக்கு ஏறி, நிறமியோடு சேர்ந்து நீலத்தைத் தருகிறது. அதே செடியைச் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். தேயிலை அங்கே செழிப்பதும் இந்த அமிலத்தால்தான்.

காரம் ஏறிய தொட்டிக்கு வீட்டு வைத்தியங்கள் பல உண்டு. அடுப்புச் சாம்பல் பொட்டாசியம் தரும், ஆனால் காரத்தைக் கூட்டும். மலைநாட்டு அமில மண்ணில் மருந்து, போர் தண்ணீர்த் தொட்டியில் வினை. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கார மண்ணில் அது ஏறக்குறைய கரையாமலே கிடக்கும். காப்பித்தூள் அமிலம் என்பது பரவலான நம்பிக்கை. அமிலத்தில் பெரும்பகுதி டிகாக்‌ஷனில் இறங்கிவிடுகிறது, எஞ்சும் சக்கை நடுநிலைக்கு அருகில்தான் இருக்கும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது பாதி உண்மை. மோரிலுள்ள லாக்டிக் அமிலம் பைகார்பனேட்டைச் சில நாள் அடக்கி, இரும்பைக் கொஞ்சம் கரைக்கும். பிறகு நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும், மண் பழைய நிலைக்குத் திரும்பும். எலுமிச்சைச் சாற்றுக்கும் இதே கதி.

நின்று வேலை செய்வது கந்தகத் தூள். மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியா கந்தகத்தை எரித்துக் கந்தக அமிலமாக்குகிறது. அதைத் தின்ன மண்ணில் ஆளில்லை, அதனால் விளைவு நிற்கிறது. 1922-ல் அந்த பாக்டீரியாவை விவரித்தவர்கள் அமெரிக்காவில் வாக்ஸ்மனும் ஜோஃபியும். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிப்புக்காக 1952-ல் நோபல் பரிசு பெற்ற அதே செல்மன் வாக்ஸ்மன்தான். பத்து லிட்டர் தொட்டிக்கு அரைத் தேக்கரண்டி போதும். பலன் தெரிய வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு இரட்டிப்பாகப் போட்டால் மண் மறுபக்கம் கவிழும்.

கந்தகத்தைவிடச் சிறந்த மருந்து வானத்திலிருந்து வருகிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைவதால் தூய மழைநீரின் பிஎச் சுமார் 5.6. அதில் பைகார்பனேட் இல்லை என்றே சொல்லலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடிவைத்தால் நாற்றுகளுக்குச் சில வாரங்கள் ஓடும். மழை இல்லாத மாதத்தில், பூச்செடிகளுக்கு ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து உருவாகும் நீர் என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு.

இனி இளஞ்செடிக்கு எப்போது, எவ்வளவு? விதைக்குள்ளேயே சில நாள் சாப்பாடு இருக்கிறது. விதையிலை விரிந்த நாற்றுக்கு உரம் தேவையில்லை. அடுத்து வரும் உண்மையிலைகள் மூன்று நான்கு ஆனபின் தொடங்கலாம். முதல் ஊட்டமாக மண்புழு உரம் ஒரு கைப்பிடி நல்லது. ஏற்கெனவே மக்கியது, வேரைச் சுடாது. கடலைப் புண்ணாக்கை மூன்று நான்கு நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு நீர் சேர்த்து, மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றலாம். பஞ்சகவ்யம் என்றால் வழக்கமான 3 சதவீதத்தைவிட இளஞ்செடிக்குக் குறைத்தே கலக்கலாம். காய்ந்த மண்ணில் எந்தக் கரைசலும் கூடாது. மண்ணில் உப்புச் செறிவு கூடினால் வேருக்குள் இருக்கும் நீர் வெளியே இழுபடும், இலைநுனி கருகும். வேப்பம் புண்ணாக்கு நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தைக் குறைக்கும். நைட்ரஜனை நீண்ட நாள் காப்பாற்றித் தருவதற்காகவே யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசுகிறார்கள்.

அளந்து பார்ப்பதும் சிரமமில்லை. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரில் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் ஏறக்குறைய எண் தெரியும். துல்லியம் வேண்டுமென்றால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுக்கலாம். மண்ணோடு நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் சேர்த்துச் சோதியுங்கள்.

செடி வெளுத்தால் உரப் பையைத் திறக்கும் முன் இலையைப் பாருங்கள். அடியிலை மஞ்சளானால் உரம் கொடுங்கள், சிறிதாக, அடிக்கடி. தளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் உரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். நம் ஊர் மாடித்தோட்டங்களில் செடிகள் பட்டினி கிடப்பது பல நேரங்களில் சத்து இல்லாததால் அல்ல, இருக்கும் சத்து கரையாததால்தான்.