விதை நெல்லுக்கும் கைமுதல் உண்டு

ஜூன் பிறந்தால், மளிகையோடு விதை, உரமும் விற்கும் டெல்டா மாவட்ட வியாபாரிகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் 12-ஆம் தேதியை ஒட்டி குறுவைக்கு நாற்று விடுவார்கள். வருகிற விவசாயி கேட்பது ரகமும் விலையும்தான். நெல்மணிக்குள் எவ்வளவு சத்து இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

கடைக்குக் கைமுதல் எப்படியோ, நாற்றுக்கு விதையில் உள்ள சத்து அப்படி. முளைத்து மூன்றாவது இலை விரியும் வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், அது பெரும்பாலும் விதையின் மாவுச்சத்தைத் தின்றே வளர்கிறது. அதன் பிறகுதான் சொந்தச் சம்பாத்தியம். மணிச்சத்தும் துத்தநாகமும் அப்படித்தான் விதையோடு கூடவே வருகின்றன. மணிச்சத்தில் பெரும்பங்கு தவிட்டில் இருக்கிறது. (அரிசியைப் பளபளவென்று தீட்டி நாம் தள்ளிவிடும் அதே தவிடுதான்!) சத்துக் குறைந்த மண்ணில் விளைந்த நெல்லை விதையாக எடுத்து, மறுபடியும் அதே போன்ற மண்ணில் விதைத்தால் நாற்று தொடக்கத்திலேயே சோனியாகிவிடும்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. உரமிட்ட வளமான வயலில் இந்த வித்தியாசம் போகப் போகக் குறைந்துவிடும். விதை நன்றாக இருப்பதால் துத்தநாக சல்பேட் வேண்டாம் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஏக்கருக்கு 10 கிலோ என்ற பரிந்துரை அப்படியே இருக்கட்டும்.

சான்று விதை மூட்டையின் நீல அட்டையைப் பார்த்துச் சத்தின் அளவை அறிய முடியாது. நெல்லுக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், சாதாரணப் பையில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேற்படாமல் என்பதே அதன் உத்தரவாதம். கனமான மணியைப் பிரிக்கப் பழைய உப்புக்கரைசல் முறையே போதும். 10 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிலோ உப்பு; கோழிமுட்டை மிதந்து அதன் மேற்புறம் காசளவு வெளியே தெரிய வேண்டும். விதையைக் கொட்டி, மிதப்பதை நீக்கி, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாவிட்டால் முளைப்பு கெடும். இம்முறை கனத்தைக் காட்டுமே தவிர, துத்தநாகத்தைக் காட்டாது. உப்பும் முட்டையும் நம் கடையிலேயே இருப்பதால் விதையோடு சேர்த்து இந்த யோசனையையும் சொல்லலாமே!

இருக்கிற கைமுதலைக் கரைப்பது பல நேரம் நமது கிடங்குதான். ஈரம் ஏறினால் விதை வேகமாகச் சுவாசித்துத் தன் சத்தைத் தானே தின்று தீர்க்கும். ஆகவே மூட்டைகள் சுவரை ஒட்டாமல் மரக்கட்டை மேல் இருக்கட்டும். உர மூட்டைகள் தனி அறையில் இருக்கட்டும். மருந்து கலந்த விதை விற்காமல் தேங்கினால், அதை அரைக்கிற நெல்லோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரிந்தவர்தானே என்று துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். ரகம், லாட் எண், காலாவதி தேதி மூன்றும் எழுதிய பில்லைக் கொடுத்து, நகலை அறுவடை முடியும் வரையாவது பத்திரப்படுத்துங்கள்.