ஈறில் ரத்தமா? மாத்திரை மட்டும் போதாது!

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? "சத்துக் குறைவு" என்று சொல்லி, பலர் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அது சரியா?

பாதிதான் சரி!

1747-ம் ஆண்டு. இங்கிலாந்து போர்க்கப்பல் ஒன்றில் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி அழுகியது. கப்பல் டாக்டர் ஜேம்ஸ் லிண்ட், 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்தார். ஆறு விதமாக வைத்தியம் செய்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே வேகமாகத் தேறினார்கள். ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பினார்!

பழத்தில் இருந்த அந்தச் சத்துதான் வைட்டமின் "சி".

இன்று காரணம் வேறு

இப்போது ஈறு நோய் பெரும்பாலும் பல் அழுக்கினால் வருகிறது. அழுக்கில் கிருமிகள் பெருகுகின்றன. அது இறுகிக் காரை ஆகிறது. ஈறு விலகி, எலும்பு கரைந்து, சொத்தை இல்லாத பல்லும் ஆடி விழுகிறது! புகையிலையும் சர்க்கரை நோயும் இதை முற்ற வைக்கும்.

காரையை மாத்திரை கரைக்காது. பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். சத்து உணவு, ஈறு ஆறுவதற்குத் துணை; அவ்வளவே.

கொய்யா போதும்!

அந்தச் சத்துக்கும் அதிகச் செலவு வேண்டாம். ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் "சி" ஒரு கொய்யாப் பழத்திலேயே இருக்கிறது. நெல்லிக்காயிலும் ஏராளம்.

விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டைக்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அவர்கள் மாவட்டத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தினம் இரண்டு வேளை பல் துலக்குங்கள். ரத்தம் நிற்கவில்லையா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். போன பல் திரும்ப முளைக்காது!